இரண்டாவது பெனால்டி

"அப்ப, ரெண்டையும் எர்னோவே வீணடிச்சான்னுதான் புதுப் புத்தகத்துலயும் வரப்போகுதா?"

கேட்டவர் கழுத்தளவு வெந்நீரில் இருந்தார். எமெஷே ஊர்ப் பொது வெந்நீர்க் குளத்தின் விளிம்பில் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் காகிதங்கள். நவம்பர் காலையின் குளிருக்கு நீரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"இப்போதைக்கு அப்படித்தான், விலி மாமா."

ஊருக்குள் மருந்துக்கடையில் வேலை அவளுக்கு. மீதி நேரமெல்லாம், எப்போதோ நின்றுபோன ஓர் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையின் புள்ளிவிவரங்களோடுதான். ஆறு நாடுகளில் அவளைப் போல பதினேழு பேர் இருந்தார்கள். யார் எந்த நிமிடத்தில் கோல் போட்டார், யாருக்குப் பதில் யார் இறங்கினார் என்று கடிதம் எழுதிக் கேட்டுக் கேட்டு ஒரு பெரிய புத்தகம் சேர்த்திருந்தார்கள். பழைய பதிவில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் இரண்டு சான்று வேண்டும். ஒன்று, அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். மற்றொன்று, அன்று மைதானத்தில் நின்ற ஒருவர் வாயிலிருந்து வரவேண்டும். புத்தகம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இன்று வியாழன்.

எழுபத்து மூன்றாம் ஆண்டு ஊர்ச் சர்க்கரை ஆலை அணியில் லோவாஷ் என்ற குடும்பப் பெயரோடு இரண்டு பேர் ஆடினார்கள். உறவொன்றுமில்லை. அணிக்கு முதலில் வந்தவர் என்பதால் விலி மாமா, அதாவது விலிமோஷ், லோவாஷ் ஒன்று. பிறகு வந்த எர்னோ, லோவாஷ் இரண்டு. செய்தித்தாளிலும் அறிவிப்புப் பலகையிலும் அப்படித்தான் போடுவார்கள். டென்மார்க்கிலிருந்து வந்த அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் அடித்திருந்தால் அடுத்த சுற்று. இரண்டு பெனால்டி கிடைத்தது. இரண்டும் போயிற்று. இரண்டுக்கும் நேரே புத்தகத்தில் லோவாஷ் இரண்டு என்றே இருந்தது. அந்தக் கோப்பையின் வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் இரண்டு பெனால்டியைத் தவறவிட்ட ஒரே மனிதர். புதுப் பதிப்பில் அதற்குப் படத்தோடு தனிப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.

எமெஷே உறையிலிருந்து ஒரு நகலை எடுத்து, நனையாத தூரத்தில் பிடித்துக் காட்டினாள். அந்த டேனிஷ் கோல்கீப்பர் பள்ளி ஆசிரியர். தன்னை நோக்கி அடிக்கப்பட்ட ஒவ்வொரு பெனால்டியையும் நோட்டில் குறித்துவைத்திருந்தார். அவர் இறந்தபின் மகள் அனுப்பியது. முதல் பெனால்டி: பத்தாம் எண், வலது கால். இரண்டாவது, எண்பத்தெட்டாம் நிமிடம்: எட்டாம் எண், இடது கால்.

எர்னோவின் சட்டை எண் பத்து என்பது ஊருக்கே தெரியும்; மற்றவர்களின் எண்ணைப் பழைய பதிவில் யாரும் குறிக்கவில்லை. அவர் இடது காலால் பந்தைத் தொட்டதாகவே யாரும் சொன்னதில்லை.

விலிமோஷ் அதைப் படித்தார். கண்ணாடி ஆவியில் மங்கியது. துடைத்துவிட்டு மறுபடி படித்தார். எர்னோவிடம் போனாயா என்று கேட்டார். திங்களன்றே போனதாக அவள் சொன்னாள். அவர் உப்பு ரொட்டியும் பிளம் சாராயமும் வைத்தாராம். நோட்டின் நகலை வெகுநேரம் பார்த்துவிட்டு, இரண்டும் என்னுடையதுதான், இருப்பது இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அந்த எட்டாம் எண் யார் என்று மட்டும் அவர் கேட்கவேயில்லை என்றாள். அன்று ஆடிய பதினொரு பேரில் ஏழு பேர் இறந்துவிட்டார்கள். மற்ற இருவருக்கு நினைவில்லை.

பக்கத்தில் இரண்டு பேர் ஏதோ மருத்துவரைப் பற்றி வாதம் செய்துகொண்டே நகர்ந்து போகும்வரை விலிமோஷ் காத்திருந்தார்.

"எட்டு நான்தான்," என்றார்.

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. அன்று மூடுபனி. பத்திரிகைக்காரர்களும் ஆலை அதிகாரிகளும் உட்கார்ந்த இடத்திலிருந்து அந்தப் பக்கத்து கோல் கம்பமே தெரியவில்லை. ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறைக்கே வந்து, கடைசி பெனால்டி யார் அடித்தது என்று ஒரு நிருபர் கேட்டார். ஆலை தன் ஆட்களுக்கு வீடு ஒதுக்கும் பட்டியலில் விலிமோஷின் பெயர் நான்காவதாக இருந்தது; தோல்விப் பழி விழுந்தால் பெயர் அடிபட்டுவிடும். குழந்தை பிறக்க இரண்டு வாரம்.

"எர்னோன்னு சொல்லிட்டேன், எமெஷே. அவன் பக்கத்துலதான் உக்காந்து ஷூ நாடாவ அவுத்துக்கிட்டு இருந்தான். தலையத் தூக்கி ஒரு பார்வை பாத்தான். ஒண்ணும் சொல்லல. என் வீட்டுக்காரி நிறைமாசம்னு அவனுக்குத் தெரியும்."

வீடு கிடைத்தது. எர்னோ அடுத்த வாரமே அணியிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு பேருந்து ஓட்டினார். இருபது வருடம் ஏறுகிறவர்கள் எல்லாம், என் ஸ்டாப்பையும் ரெண்டு தடவ விட்டுடுவியா எர்னோ என்று கேட்டுச் சிரித்தார்கள். விலிமோஷ் அந்தப் பேருந்தில் ஏறியதே இல்லை.

எமெஷே முகத்தைச் சுளிப்பாள், எழுந்து போய்விடுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் சாட்சிப் படிவத்தை அட்டையின் மேல் வைத்து நீட்டி, தேதியை மறக்காமல் போடுங்கள் என்றாள். ஈரக் கையால் போட்ட கையெழுத்து நீலமாகக் கரைந்து ஓடியது. அவள் சிரித்துவிட்டு, வேறொரு படிவம் எடுத்தாள். தன் கழுத்துத் துண்டால் அவர் கையைத் துடைத்துவிட்டாள்.

"இனிமே அந்தத் தனிப் பக்கத்துல என் படம் வருமா?"

"தனிப் பக்கமே கிடையாது மாமா. ஆளுக்கொண்ணு விட்டா அது சாதனையே இல்ல. ஒரு பெனால்டி விட்டவங்க இருநூத்திப் பன்னெண்டு பேர் இருக்காங்க. சின்ன எழுத்துல, அகரவரிசையில. லோவாஷ் எர்னோ, அதுக்குக் கீழ லோவாஷ் விலிமோஷ்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

நாற்பத்தாறு வருடமாகத் தூக்கிச் சுமந்தது சின்ன எழுத்தில் ஒரு வரி. விலிமோஷ் மூச்சை இழுத்துக்கொண்டு தலையும் மூழ்க நீருக்குள் போனார். எமெஷே எட்டிப் பார்க்கத் தொடங்கிய நேரத்தில் வெளியே வந்தார். முகம் சிவந்து, புசுபுசுவென்று ஊதி, குழந்தையைப் போல் சிரித்துக்கொண்டிருந்தார். குளக்கரையில் லாங்கோஷ் என்ற பொரித்த ரொட்டி விற்கும் கடையிலிருந்து பூண்டு வாசம் வந்தது. பசிக்கிறது என்றார். காலையில் சாப்பிட முடியவில்லையாம். பிறகு, அச்சாவதற்கு முன்னால் எர்னோவுக்குத் தெரிய வேண்டும், என் வாயாலேயே தெரிய வேண்டும் என்றார்.

அவள் எண்ணை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி, கைப்பேசியை அவர் முகத்துக்கருகில் பிடித்தாள்.

"எர்னோ, நான் விலி. சொல்லிட்டேன்டா."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது.

"நான் உன்னக் காட்டிக் குடுக்கலன்னு அந்தப் பொண்ணு சொன்னாளா?"

"சொன்னா."

"அன்னைக்குப் பொறக்க இருந்தவன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான். தல வழுக்கையாயிடுச்சு."

இருமல் போல ஒரு சிரிப்பு வந்தது. எமெஷேவும் சிரித்தாள். விலிமோஷ் மட்டும் சிரிக்காமல் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கைப்பேசிக்கு இன்னும் கிட்டே வந்தார்.

"எர்னோ, ஒரே ஒரு தடவ நல்லா திட்டிருடா. அன்னைக்கு நீ திட்டாம விட்டத இன்னைக்குத் திட்டு."