ஒன்பது, ஆறு, நாலு

1944ஆம் ஆண்டு, திருகோணமலைத் துறைமுகத்தில் யுத்த வேலைக்கு வந்தவர்கள் தங்கிய வரிசை அறைகளான லயன்களில் பெரியம்மை புகுந்தது. அங்கே தொள்ளாயிரம் பேர் குடியிருந்தார்கள். முதலில் மூன்று பேருக்கு வந்தது. இரண்டு கிழமையில், பதினான்கே நாளில், இன்னும் ஒன்பது பேர் படுத்தார்கள்.

நோயாளிகளைப் பிரித்து வைக்க இடம் தேடிய சுகாதாரப் பரிசோதகர் ஹிஸ்புல்லா, மூடிக்கிடந்த பள்ளிக்கூடத்தின் சாவியைக் கேட்டுக் கணித ஆசிரியை கோணேஸ்வரியிடம் வந்தார். எழுநூறு பேருக்கு மட்டுமே தடுப்பு மருந்து கிடைத்ததாம். முதல் லயனில் தொடங்கிக் குத்திக்கொண்டு போவதாகவும், கடைசி லயன்களை அல்லாஹ்விடம் விடுவதாகவும் சொன்னார்.

கோணேஸ்வரி அவர் நோய்க் கணக்கு எழுதியிருந்த கொப்பியை வாங்கிப் பார்த்தாள். ஒருவரிடமிருந்து மூவருக்குப் போகிறது. அந்த மூவரில் சராசரியாக இரண்டு பேருக்கு மேல் முன்பே மருந்து குத்தியிருந்தால்? ஒருவருக்கும் குறைவாகத்தான் போகும். பென்சிலால் எழுதினாள், அழித்தாள், திரும்ப எழுதினாள்.

"லயன் லயனாக் குத்தாதீங்கோ. ஒவ்வொரு அறையிலயும் ஒன்பது பேருக்கு ஏழு பேர் எண்டு பரவலாக் குத்துங்கோ. அடுத்த முறை ஒன்பது ஆறாகும். பிறகு நாலாகும். பிறகு நிண்டுபோகும்."

"மிச்ச இருநூறு பேரும், ரீச்சர்?"

"அவையைச் சுத்தி இருக்கிறவை அவையைக் காப்பாத்துவினம்."

ஹிஸ்புல்லா கொப்பியை வாங்கிக்கொண்டு எழுந்தார். பிறகு அப்படியே செய்தார். பச்சைக் குழந்தைகளையும் உடம்புக்கு ஏலாதவர்களையும் மட்டும் விட்டுவிட்டார்.

அடுத்த இரண்டு கிழமையில் ஏழு பேர் படுத்தார்கள். ஆறு என்ற கணக்கு பிழையாகிவிட்டதென்று கோணேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கடுத்து நான்கு பேர். பிறகு இரண்டு. பிறகு ஒருவருமில்லை. எல்லாமாக ஐந்து பேர் இறந்துபோனார்கள்.

கடைசி நோயாளி வீடு திரும்பிய காலையில் அவள் லயனுக்குப் போனாள். தண்ணீர்க் குழாயடியில் நல்லம்மா என்ற பெண் கைக்குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அதன் கையில் குத்திய தழும்பு இல்லை. சுற்றி நின்ற எல்லோருடைய கைகளிலும் இருந்தது. அந்தக் குழந்தையை நோக்கி வந்த நோய் எந்தக் கையில் நின்றது என்று இனி யாராலும் சொல்ல ஏலாது. நின்றது என்பது மட்டும் உண்மை.

ஒருவர் சொல்லையும் கேளாத நோய், பெருக்கலுக்குக் கட்டுப்பட்டிருந்தது. கோணேஸ்வரிக்கு மேனி சிலிர்த்தது. குழந்தையைத் தரச்சொல்லிக் கேட்டு, ஈரத்தோடு மார்பில் அணைத்துக்கொண்டாள்.