வலப்பக்கம் மூன்று கட்டம்

கணக்கு மறுதேர்வுத் தாளைக் கல்லூரி கேன்டீன் மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மார்லிஸ். ஆறு வரைபடங்கள். வளைகோட்டை மேலே கீழே நகர்த்த வேண்டிய இரண்டும் சரி. பக்கவாட்டில் நகர்த்த வேண்டிய நாலும் தப்பு, நாலுமே எதிர்த்திசையில். வியாழக்கிழமை கடைசி வாய்ப்பு. அதுவும் போனால் எக்ஸ்ரே படிப்பில் இடம் கிடையாது. டலூத் நகர முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருஷமாகச் செய்வதுபோலவே ஆட்களைத் தூக்கிக் கட்டிலில் கிடத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். இடுப்பு இப்போதே மறுக்கிறது.

எதிரே அவள் மகள் பிரிட்டா. அதே வகுப்பு, முழு மதிப்பெண்.

"அடைப்புக்குள்ள நம்பர் இருந்தா தலைகீழ்ம்மா. மைனஸ்னா வலது, பிளஸ்னா இடது. மனப்பாடம் பண்ணிக்கோயேன்."

"பண்ணித்தாண்டி ரெண்டு தடவை தோத்தேன். பரீட்சையில உக்காந்ததும் எது தலைகீழ்னே குழம்பிப்போகுது. ஏன் தலைகீழ்?"

"ஏன்னு யாரும்மா கேட்டா? மார்க்தானே கேக்கறாங்க."

மார்லிஸ் தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். மகள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆசிரியர் லிண்ட்குவிஸ்ட் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவளைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"விதியைத்தான் எழுதிக் கொடுத்தேனே, மார்லிஸ்."

"விதி வேண்டாம் சார். ஏன்னு சொல்லுங்க. சொல்லாம நான் போகப்போறதில்ல."

அவர் பெருமூச்சுடன் திரும்ப உள்ளே போனார். வெள்ளைப் பலகையில் (x − 3)² என்று எழுதிக் கிண்ணம்போல ஒரு வளைகோடு வரைந்தார். "இது... அச்சு நகருதுன்னு வெச்சுக்கலாம், அப்போ..." நிறுத்தினார். அழித்தார். மறுபடி தொடங்கினார். காது மடல் சிவந்தது.

மார்லிஸ் பேனாவை வாங்கிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எண்களைப் போட்டுப் பார்ப்பதுதான். xக்குச் சுழி, அதாவது பூஜ்யம், போட்டாள்; ஒன்பது வந்தது. ஒன்று போட்டால் நாலு. இரண்டு, ஒன்று. மூன்று, சுழி.

"முன்னாடி, வெறும் x²ஆ இருந்தப்ப, சுழியிலயே கிண்ணத்தோட அடி தொட்டுது. இப்ப உள்ள மூணு குறையுது. அடி தொடணும்னா நான் வலப்பக்கம் மூணு வரைக்கும் போயாகணும்."

"ஆமா," என்றார் அவர், பலகையைப் பார்த்தபடியே. "அதேதான்."

"இதுக்கா ரெண்டு பரீட்சை?" என்று கேட்டபோது அவள் குரல் உடைந்தது. சந்தோஷமே வரவில்லை. பேனாவைப் பலகையின் அடித்தட்டில் போட்டுவிட்டு வெளியேறினாள்.

வியாழக்கிழமை, ஆறாம் கேள்வி: (x + 5)² − 2. பழக்கதோஷத்தில் கை வலப்பக்கம் ஓடிப் புள்ளி வைத்தது. அழித்தாள். உள்ளே சுழி வரவேண்டுமானால் x எவ்வளவு? மைனஸ் ஐந்து. இடப்பக்கம் எண்ணினாள், இரண்டு கட்டம் கீழே இறங்கினாள். மறுபடி சந்தேகம், மறுபடி அழித்தல், மறுபடி அதே இடம். அந்த இடத்தில் தாள் தேய்ந்து மெலிந்துவிட்டிருந்தது. இனி அழிக்கப்போவதில்லை என்று பென்சிலை ஊன்றி அழுத்தினாள். முனை தாளைத் துளைத்து இறங்கியது. வளைகோட்டின் அடியில் சின்ன ஓட்டை, அதன் வழியே மேஜையின் பழுப்பு மரம்.