கேலனுக்குப் பதினான்கு மைல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எங்கள் ஊரில் பனிமேல் வண்டி ஓட்டுகிறவர்களின் ஸ்னோமொபைல் கிளப் அச்சடிக்கிற பாதை வரைபடத்தின் பின்பக்கத்தில், வலது கீழ்மூலையில் உள்ள ஒரு கட்டத்திலிருந்து பிறந்தது. கட்டத்துக்குள் இப்படி இருக்கும்: ஒன்பது கேலன் டேங்க் – கேலனுக்குப் பதினான்கு மைல்.

அந்தப் பதினான்கை எழுதியவள் நான். தமிழில் மூன்று கதைத் தொகுப்பு போட்டிருக்கிறேன். சீந்துவாரில்லை. நான் எழுதியதில் எல்லோரும் மறுபேச்சில்லாமல் நம்பிய ஒரே கட்டுக்கதை இந்தப் பதினான்குதான்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "வடக்கு மிச்சிகனில் அன்று பனி கொட்டிக்கொண்டிருந்..."

வேண்டாம். இங்கே பனி கொட்டாவிட்டால்தான் செய்தி.

இரண்டாம் முயற்சி: "பெவ் கோஸ்கெலா ஒரு பாவமும் அறியாதவள்."

இதுவும் வேண்டாம். பெவ் சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவாள். என் கடைக் காப்பியைப் பாத்திரம் கழுவின தண்ணி என்பாள், அதையே மூன்று கோப்பை குடிப்பாள். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் காட்டில் எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி. பாதிக்கப்பட்டவள் நல்லவளாக இருந்தாக வேண்டும் என்ற சட்டத்தை எந்த மடையன் போட்டானோ தெரியவில்லை.

மூன்றாம் முயற்சியில் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஆல்டர் ஃபால்ஸிலிருந்து ஸ்டோனி பே வரை ஸ்னோமொபைல் பாதை நூற்று நான்கு மைல். முப்பத்தெட்டாவது மைலில் என் கடை: ஒரு பெட்ரோல் பம்ப், காப்பி, கறியும் கிழங்கும் வைத்துச் சுட்ட சூடான பாஸ்டி. என் கடையைத் தாண்டினால் அறுபத்தாறு மைலுக்கு ஒரு சொட்டு பெட்ரோல் கிடையாது. போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பெவ் என் பம்பில் பெட்ரோல் போடாமல் போனாள். இடது கையில் மூன்று விரல் போயிற்று.

போடாமல் போனதற்கு நான் காரணம். [இந்த வாக்கியத்தை நான்கு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.]

3

ஐந்து பேர் சேர்ந்து போனால் ஐந்து டேங்க் என்று நினைக்காதீர்கள். ஒரே டேங்க்தான், இருப்பதிலேயே சின்னது. அது எங்கே காலியாகுமோ அதற்கு முன்னால் எல்லோரும் நின்றாக வேண்டும். பெரிய டேங்க்காரன் முணுமுணுத்துக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றுவான்.

பெவ் எப்போதும் போகிற ஐந்து பேர் கூட்டத்தில் சின்ன டேங்க் அவளுடையது. மற்ற நாலு ஆண்களுக்கும் பன்னிரண்டு கேலன். அவள் கணவன் டேல் புது வண்டி வாங்கினால் அவனுடைய பழசு அவளுக்கு வரும். பெட்ரோல் முள் இரண்டு வருஷமாகப் பாதியிலேயே நின்றது. சரிபண்ணித் தருகிறேன் என்று அவனும் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்கு அவன் வைத்த பெயர் டம்ளர்.

"என்ன டம்ளர், ரொம்பிருச்சா? போலாமா?"

"என் டம்ளராவது ரொம்பும். உன் தலை என்னைக்கு ரொம்பப் போவுதோ!"

கடையே சிரிக்கும். டேலும் சிரிப்பான். சிரித்த பிறகு பத்து நிமிஷத்துக்கு அவளோடு பேசமாட்டான்.

(பதினான்கு எப்படி வந்தது என்று இங்கே சொல்லிவிடுகிறேன். ஏழு வருஷத்துக்கு முன்பு, "நீதான் எழுதறவளாச்சே" என்று கிளப்பில் அந்த அட்டவணையை என் தலையில் கட்டினார்கள். வருகிறவனை எல்லாம் மைலேஜ் கேட்டேன். வந்தவன் எல்லாம் அளந்துவிட்டான். ஒன்பது கேலன் வண்டி அப்போது டேலிடம் இருந்தது. "பதினாலு குடுக்குது ஷென், கண்ணை மூடிட்டு எழுது" என்றான். என் பெயரில் இந்த ஊர் வாயில் நுழைந்தது ஷென் மட்டும்தான். நான் கண்ணைத் திறந்துகொண்டே எழுதினேன். அதே வண்டி முப்பத்தெட்டு மைல் ஓடி வந்து என் பம்பில் நாலு கேலன் குடிக்கும். வகுத்துப் பாருங்கள், ஒன்பதரை. எனக்கும் வகுக்கத் தெரியும். ஆனால் டேல் கிளப்பின் துணைத்தலைவன், கட்டத்துக்குள் ஓர் எண் வேண்டும், என்னிடம் ஓர் எண் இருந்தது. அவ்வளவுதான்.)

4

அந்தச் சனிக்கிழமை உச்சிப்பொழுது. முந்தின நாள் பெய்த பனி ஓரடி, பாதை இன்னும் சீர்செய்யப்படவில்லை. என் ஒற்றைப் பம்பில் இருபது வண்டி வரிசை. ஸ்டோனி பேயில் உறைந்த ஏரிமேல் மூன்று மணிக்கு வேகப் பந்தயம், டேல் பெயர் கொடுத்திருந்தான்.

"இந்த வரிசைல நின்னா பந்தயம் அவ்ளோதான்" என்றான். "நூத்திநாலு மைல், பதினாலால வகு. ஏழரை கேலன். உன்கிட்ட ஒன்பது இருந்துது. அப்புறம் எதுக்குடீ பயந்து சாகறே?"

"புதுப் பனில அதிகம் குடிக்கும் டேல்."

"இதோ பாரு, அச்சடிச்சே போட்டிருக்கான்" என்று வரைபடத்தைப் பிரித்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். தான் சொன்ன எண்ணையே தனக்குச் சாட்சியாகக் காட்டுகிறான்! அது தன் எண் என்பதே அவனுக்கு மறந்துபோயிருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

பெவ் கதவைத் தள்ளிக்கொண்டு தலையை உள்ளே நீட்டினாள்.

"ஷென், இவன் பதினாலுங்கறான். உன் படத்துலயும் பதினாலுதான் இருக்கு. நெஜந்தானா?"

என் இரண்டு கையிலும் பாஸ்டித் தட்டு. அவள் தோளுக்குப் பின்னாலிருந்து டேல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் போய்ச் சேந்துடறாங்க பெவ்" என்றேன்.

(கவனித்தீர்களா? நான் பொய் சொல்லவில்லை. கேள்விக்குப் பக்கத்தில் ஒரு பதிலை வைத்தேன். எழுதி எழுதி வந்த சாமர்த்தியம் இது. வெட்கங்கெட்ட சாமர்த்தியம்.)

"நீ சொன்னா சரி" என்று டேங்க் மூடியைத் திருகிவிட்டுப் போனாள்.

5

இங்கே பாதையில் இரண்டு வழக்கம் உண்டு. ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும்.

ஒன்று: எதிரே ஆள் வந்தால் இடது கையைத் தூக்கி, உனக்குப் பின்னால் எத்தனை வண்டி என்று விரலால் காட்ட வேண்டும். முதலில் போகிறவன் நாலு, அடுத்தவன் மூன்று, இரண்டு, ஒன்று. கடைசி ஆள் கையை மூடி முஷ்டி காட்ட வேண்டும். என்னோடு முடிந்தது, எனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று அர்த்தம்.

இரண்டு: பாதை பிரிகிற இடத்தில், பின்னால் வருகிறவரின் விளக்கு கண்ணில் படும்வரை நிற்க வேண்டும்.

அன்று முதலில் போனவன் டேலின் தம்பி கோர்டன். பிறகு இரண்டு நண்பர்கள். நாலாவது டேல். கடைசியில் பெவ்.

என் கடையிலிருந்து முப்பதாவது மைலில் பாதை இரண்டாகப் பிரிகிறது. பெவ் அங்கே வந்தபோது ஒருவரும் இல்லை. இரண்டு பக்கமும் யாரோ போன தடம் இருந்தது. இடது பக்கம் திரும்பினாள். அது மரம் வெட்டுகிறவர்களின் பழைய சாலை, குளிர்காலத்தில் மூடிக்கிடக்கும். இடுப்பளவுப் பனியில் ஏழு மைல் போன பிறகுதான் தப்பு புரிந்தது. திரும்பினாள். மூன்று மைலில் வண்டி இருமி நின்றது. முள் அப்போதும் பாதியைக் காட்டியது.

டேங்கைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்த்திருக்கிறாள். அடியில் கிடந்த கொஞ்சநஞ்சமாவது குழாய்க்குப் போகட்டும் என்று வண்டியைச் சாய்த்திருக்கிறாள். அது அவள் இடது கையுறையில் கொட்டியது. அந்தக் குளிரில் பெட்ரோல் நனைந்த கையுறை தோலை எப்படி உறையவைக்கும் என்று இங்கே யாரும் விளக்கமாட்டார்கள், நானும் விளக்கப்போவதில்லை. மீதி நாலு மைலை நடந்தாள். ஆறு மணி சுமாருக்கு, பொழுது இறங்குகிற நேரம், பாதை சீர்செய்யும் வண்டிக்காரர் அவளைப் பிரிவில் கண்டெடுத்தார்.

டேல் இரண்டரைக்கே ஸ்டோனி பே போய்ச் சேர்ந்துவிட்டான். பந்தயம் ஓடினான். நாலு மணிக்குத்தான் பெவ்வை எங்கே என்று கேட்க ஆரம்பித்தான். போலீஸிடம் சொன்னது: "பிரிவுல நின்னு பாத்துதான் போனேன் சார். ஊரு எல்லை வரைக்கும் அவ விளக்கு எனக்குப் பின்னால தெரிஞ்சுது." அதனால் எல்லோரும் ஊர் எல்லையைச் சுற்றியே தேடினார்கள்.

6

என்னுடைய பிரச்சினை டேல்தான். அவனைக் கதாபாத்திரமாக எழுத வரவில்லை.

அ. கொடியவன் டேல். டம்ளருக்குப் பாடம் கற்பிக்கிறேன் என்று வேண்டுமென்றே விட்டுப்போகிறான். (எழுதினேன். மட்டமான நாடகம் போல இருந்தது. எந்தக் கொடியவன் பக்கத்து வீட்டுக் கிழவர் வாசலில் பனி அள்ளிப் போடுவான்?)

ஆ. மறதிக்காரன் டேல். தலையில் பந்தயம். பின்னால் பெண்டாட்டி வருகிறாள் என்பதே நினைவில் இல்லை. (எந்த வக்கீலுக்கும் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.)

இ. அவன் திரும்பிப் பார்த்தான், விளக்கு இல்லை, "வந்துருவா, எங்க போயிடப் போறா" என்று வேகத்தைக் கூட்டினான். (இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் இப்படி எழுதினால் அவன் என்னைப் போலவே ஆகிவிடுகிறான்.)

மூன்றில் எதை எடுத்தாலும் அவன் சொன்னது பொய். அவள் பின்னால் இல்லை என்று அவனுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

7

அன்று மதியம் இரண்டு இருபதுக்கு ஸ்டோனி பே பக்கத்திலிருந்து விஸ்கான்சின்காரர் ஒருவர் வந்தார். பெட்ரோல் போட்டுக்கொண்டு காப்பி கேட்டார். நல்ல சிரிப்புக்காரர்.

"உங்க ஊர்க்காரனுக்கு எண்ணத் தெரியாதா அம்மா?"

"ஏன் சார்?"

"பிரிவுக்கு அந்தாண்ட ஒரு கூட்டம் எதிர்ல வந்துச்சு. முன்னால வர்றவன் நாலு காட்டறான். அடுத்தவன் மூணு. அடுத்தவன் ரெண்டு. நாலாவது ஆளு, மஞ்சள் ஹெல்மெட், பளிச்னு முஷ்டி காட்டிட்டுப் போறான்! ஒரு ஆளை வழிலயே முழுங்கிட்டானுவ போல."

மஞ்சள் ஹெல்மெட் டேலுடையது.

நான் சிரித்தேன். நன்றாக, வாய்விட்டுச் சிரித்தேன். காப்பியை ஊற்றிக் கொடுத்தேன். அவர் போனபின் ஒரு நிமிஷம் கை தொலைபேசிமேல் இருந்தது. கூப்பிட்டால் என்ன கேட்பார்கள்? "பெட்ரோல் இருந்துதா அவகிட்ட? உன் கடைல போடலியா? ஏன் போடல?" அதற்குள் இன்னும் ஆறு பேர் பாஸ்டி கேட்டு வந்துவிட்டார்கள். நான் கையை எடுத்துவிட்டேன்.

இரண்டு இருபதிலிருந்து ஆறு மணி வரை. நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

8

போன புதன்கிழமை பெவ் வந்தாள். பனி உருகி வாசலெல்லாம் சேறு. மருத்துவமனையிலிருந்து வந்ததிலிருந்து அவள் தங்கை வீட்டில் இருக்கிறாள். கோப்பையை வலது கையாலேயே எடுத்தாள்.

"காப்பி இன்னும் அதே லட்சணம்தான்" என்றாள். பிறகு, "டேல் எனக்குப் புது வண்டி வாங்கிருக்கான். பன்னெண்டு கேலனு. ரிப்பன் கட்டி வெச்சிருக்கானாம்."

"ம்."

"சனிக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போக வர்றான். போலாமா வேணாமான்னு நான் உன்கிட்ட கேக்கல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு எதிர்ல வந்தவங்க உன் கடைலதானே நின்னிருப்பாங்க? டேல் கை என்ன காட்டுச்சுன்னு யாராவது சொன்னாங்களா? ஒரு விரலா, முஷ்டியா?"

வாய்வரைக்கும் வந்தது.

"விசாரிச்சுப் பாக்கறேன்" என்றேன்.

"விசாரி. எதுன்னாலும் நான் தாங்கிக்குவேன். ஒரு விரல்னா வீட்டுக்குப் போறேன். முஷ்டின்னா போகல. நீ சொன்னா சரி."

கிளம்பும்போது பழக்கதோஷத்தில் இடது கையைத் தூக்கி ஆட்டினாள். உடனே இறக்கிக்கொண்டாள்.

9

அடுத்த குளிர்காலத்து வரைபடத்தின் மாதிரி அச்சு நேற்று வந்தது. பதினான்கை அடித்து ஒன்பது என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு திருத்தத்துக்கு எனக்கு ஏழு வருஷமும் அவளுக்கு மூன்று விரலும் ஆயிற்று. இனித் துணைத்தலைவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். துணைத்தலைவர் இன்னும் டேல்தான்.

முடிவு, முதல் வடிவம்: பெவ்வைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்கிறேன். அவள்... [இங்கே அவள் பேச வேண்டும். இரண்டு நாளாக அவள் வாயில் ஒரு சொல்லை வைக்கப் பார்க்கிறேன். "ரெண்டு இருபதுக்கே உனக்குத் தெரியுமா?" என்பதைத் தவிர வேறெதுவும் வரவில்லை.]

இரண்டாம் வடிவம்: ஒரு விரல் என்று சொல்கிறேன். அவள் வீட்டுக்குப் போகிறாள். டிசம்பரில் ஐந்து பேரும் என் கடைக்கு வருகிறார்கள், பெவ் கடைசியில். [தூ.]

இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. தாய்மொழிப் பற்று என்று நினைத்திருப்பீர்கள். ஒரு மண்ணும் இல்லை. இந்த ஊரில் தமிழ் படிக்க ஓர் ஆள் கிடையாது, அதனால்தான். பெவ்வின் கண்ணெதிரே இந்தத் தாள்களை மேசையில் பரப்பி வைக்கலாம். "அழகா இருக்கே எழுத்து, கோலிக்குண்டு மாதிரி" என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்பாள்.

இன்று வெள்ளிக்கிழமை, மதியம். டேல் நாளைக் காலையில் வருவான்.

உங்களுக்குத் தமிழும் தெரியும், இங்கிலீஷும் தெரியும். உங்களுக்குப் பதினான்கும் கிடையாது, பாஸ்டித் தட்டும் கிடையாது. நீங்கள் கூப்பிட்டு ஒரு சொல் சொன்னால் போதும், முஷ்டி என்று. யார் பேசறதுன்னு கேட்பாள். என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

அவள் தங்கை வீட்டுத் தொலைபேசி எண்: [எழுதினேன். அடித்துவிட்டேன்.]