ஊட்டுறது நான்தான்

மூன்றாவது வாயையும் மகள் அப்பாவின் சட்டை மேலேயே துப்பினாள். வெல்டர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கட்டுப்போட்ட காலை மெல்ல நீட்டிக்கொண்டான். பட்டறையில் பழுக்கக் காய்ந்த இரும்புத் துண்டு பாதத்தில் விழுந்ததிலிருந்து வீட்டோடு கிடக்கிறான். மனைவி தையல் கம்பெனிக்குப் போய்விடுவாள். பகல் முழுக்க எட்டு மாதப் பிள்ளையும் அவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கொழுகொழுவென்று பிறந்தவள், இப்போது நோஞ்சான். பக்கத்து வீட்டில் விட்டுப் போன நாட்களில் பாட்டிலில் நீர்க்கக் கரைத்த கஞ்சிதான் அவளுக்குச் சாப்பாடு. எடை பார்த்த நர்ஸ் மனைவியைப் பிடித்துக்கொண்டாள். "தண்ணியாக் குடுத்தா வயிறு ரொம்பும், உடம்பு எப்படிம்மா ஏறும்? தாய்ப்பாலை நிறுத்தாத. கூடவே நீங்க திங்கிற சோறு, பருப்பு, கீரை, முட்டையையே நல்லா மசிச்சு, கொஞ்சம் எண்ணெய் விட்டு, கெட்டியா ஊட்டு."

அதை வந்து சொல்லும்போதே மனைவிக்குக் குரல் உடைந்துவிட்டது. "வேலைய விட்டுடட்டுமாங்க?"

"எதுக்கு? நான் சும்மாதானே கெடக்கேன்" என்றான் அவன், ஏதோ வாய் தவறி வந்துவிட்டதுபோல.

சொல்வது சுலபமாக இருந்தது. அவன் அவசரப்பட்டால் மகள் உதட்டை இறுக மூடிக்கொண்டாள். ஒருநாள் பொறுமை இழந்து அவன் அதட்ட, பிள்ளை திடுக்கிட்டு விழித்த விழியில் அவனுக்கே வெட்கமாகப் போயிற்று. அதன்பிறகு அதட்டவில்லை. அவளைக் கிண்ணத்தில் கைவிட்டுப் பிசைய விட்டான். அள்ளியதில் பாதி தலையில் போனது, கால்வாசி தரையில், மீதி வாயில். விழுங்கும்வரை காத்திருந்தான். முட்டையின் மஞ்சள் கருவை உருளைக்கிழங்கோடு சேர்த்து மசித்துக் கொடுத்த அன்று, அவளே வாயைத் திறந்து "ஆ" என்றாள். அவனும் தன்னை அறியாமல் "ஆ" என்று வாயைப் பிளந்தான்.

அந்தக் கோலத்தில்தான் மனைவியின் அண்ணன் உள்ளே வந்தார். "என்ன மாப்ளே, பொம்பள வேலையெல்லாம் பாக்குறீங்க?"

"கொஞ்சம் சும்மா இருங்க மச்சான், முழுங்கிட்டு இருக்கா."

அடுத்த எடை பார்க்கும் நாளில் மனைவி அரைநாள் லீவு போட்டாள். கால் ஆறியிருந்ததால் அவனும் போனான். வரிசை முழுக்கப் பெண்கள். தராசுத் தொட்டிலில் மகளை வைத்தபோது, முள் ஆடி அடங்கும்வரை அவன் அதையே எட்டி எட்டிப் பார்த்தான்.

"அட, நல்லா ஏறியிருக்கே!" என்றாள் நர்ஸ். "வேலைக்கும் போய்க்கிட்டு எப்படிம்மா சமாளிச்ச?"

மனைவி பேசாமல் சிரித்திருக்கலாம். "நான் இல்லக்கா. அவங்கப்பாதான் ஊட்டுறாரு" என்றாள், வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. இத்தனை பேர் நடுவில் அவள் அவ்வளவு உரக்கப் பேசி அவன் கேட்டதே இல்லை.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்குதே, கிண்ணம் எங்க இருக்குன்னுகூடத் தெரியாது" என்றாள் ஒருத்தி. சிரிப்பு அலையாய் ஓடியது. அவனுக்கு அது கேலியாகப் படவில்லை. கழுத்து நிமிர்ந்தது.

திரும்பும் வழியில் பட்டறை வாசலில் முதலாளி மடக்கினார். "கால் தேவலையா? எப்ப வர்ற?"

"திங்கக்கிழமை வந்துடுறேன் மொதலாளி. ஆனா மத்தியானம் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போயிட்டு வரணும்."

"எதுக்கு?"

காலுக்கு மருந்து போட என்று நாக்கு நுனிவரை வந்தது. மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். அவன் அதை விழுங்கிவிட்டான்.

"பாப்பாவுக்குச் சோறு ஊட்டணும். மத்த நேரம் பக்கத்து வீட்ல இருப்பா. மத்தியானம் ஊட்டுறது நான்தான்."

உள்ளே சுத்தியல் சத்தம் நின்றது. கூட வேலை செய்பவர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். முதலாளி அவனைப் பார்த்தார், தோளில் இருந்த பிள்ளையைப் பார்த்தார், கன்னத்தைச் சொறிந்துகொண்டார்.

பிள்ளை அதற்குள் அப்பாவின் காதை எட்டிப் பிடித்து, புதிதாக முளைத்த இரண்டு பல்லால் நறுக்கென்று கடித்தாள். சுளீரென்றது. அவன் தலையைக்கூடச் சாய்க்காமல், முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.