விரல்ல மாட்டின கிளிப்

ஆபீஸ்ல எனக்கு வெச்ச பேரு லவுட்ஸ்பீக்கர். நான் ரகசியம் பேசினா பக்கத்து ரூம்ல குறிப்பெடுக்கலாம்னு கிண்டல் பண்ணுவாங்க. இவளைப் போய் இந்த வேலைக்கு எடுத்தோமேன்னு எங்க டாக்டரம்மாவே தலையில அடிச்சுக்குவாங்க. ஏன்னா எங்க வேலையே மெதுவா பேசுறதுதான். வீடு வீடா போய், பொம்பளைங்களைத் தனியா உக்கார வெச்சு, வீட்டுல யாராவது அடிக்கிறாங்களான்னு கேக்கணும். அப்புறம் தூக்கம், தலைவலி, காது, வயிறு, குழந்தையோட உடம்பு எல்லாத்தையும் கேக்கணும். வாங்கின அடி உடம்புக்குள்ள எங்கெங்க போய் நோயா உக்காருதுங்கறதுதான் ஆராய்ச்சி.

இதை வெளியில மூச்சு விட மாட்டோம். அக்கம்பக்கத்துல கேட்டா, "பெண்கள் உடல்நல ஆய்வு"ன்னு சொல்லுவோம். பேச்சு நடுவுல யாராவது உள்ள வந்துட்டா அந்த நொடியே இருமல், சளி பத்தின கேள்விக்குத் தாவிடணும். கேள்வி கேட்டுட்டு நாம பையைத் தூக்கிட்டுப் போயிடுவோம், ராத்திரி அந்த வீட்டுல இருக்கப் போறது அவதானே. டாக்டரம்மா இதைச் சொல்லாத நாளே கிடையாது.

அன்னைக்குப் போனது ஒரு மூணாவது மாடி வீடு. பளபளன்னு துடைச்சு வெச்சிருந்துச்சு. வாசல்ல செருப்பெல்லாம் ஒரே கோட்டுல. டிவி ரிமோட் மேஜை விளிம்புக்கு நேரா. நான் பையை சோபா மேல வெச்சேன். அந்தப் பொண்ணு அதை எடுத்துத் தரையில வெச்சுட்டு, சோபாவுல விழுந்த பள்ளத்தைக் கையால நீவி நீவி சரி பண்ணினா. 

புருஷன் அடிப்பாரான்னு கேட்டேன். "சேச்சே, இல்லக்கா"ன்னா. தள்ளிவிட்டது உண்டா? இல்ல. மிரட்டினது? இல்லவே இல்ல. ஒவ்வொரு கேள்விக்கும் முகத்தைத் திருப்பி வலது காதைத்தான் என் பக்கம் காட்டினா. என் குரல் கேக்கலைன்னு ஒரு மனுஷி இருக்க முடியுமா? "இடது காது எப்பலேருந்து கேக்கல?"ன்னேன்.  "பாப்பா கைக்குழந்தையா இருந்தப்ப ஒரு அறை"ன்னா. அதுக்கப்புறம் மத்ததெல்லாம் ஒண்ணொண்ணா வந்துச்சு. அழாம, காய்கறி வாங்கின கதை மாதிரி சொன்னா. 

"ஆனா அக்கா, பாப்பா மேல அவரு ஒரு நாளும் கை வெச்சதில்ல. பாப்பான்னா அவருக்கு உயிரு. எல்லாம் அவ தூங்கினப்புறம்தான். அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. அது போதும் எனக்கு, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடுவேன்."

எங்க ஆபீஸுக்குப் பின்னால ரெண்டு ரூம் இருக்கு, பொம்பளைங்களும் குழந்தைங்களும் மட்டும் தங்கலாம், எப்ப வேணாலும் வரலாம்னு சொன்னேன். தலையாட்டினா. சரிங்கற ஆட்டல் இல்ல, போதும் விடுங்கங்கற ஆட்டல்.

அப்புறம் பாப்பாவைக் கூப்பிட்டா. ஏழு வயசு, முன்பல்லு ரெண்டு இல்ல. குழந்தைக்கு நாங்க பெரிசா ஒண்ணும் கேக்க மாட்டோம். உயரம், எடை பாத்துட்டு, நெஞ்சுத் துடிப்பு பாக்க விரல்ல ஒரு கிளிப் மாட்டுவோம். அதுல நிமிஷத்துக்கு எத்தனை துடிப்புன்னு நம்பர் தெரியும், ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு 'பீப்' கேக்கும். மாட்டறதுக்கு முன்னாடி அந்தச் சத்தத்தை நிறுத்திடணும்னு விதி. நான் நிறுத்தல. "உன் நெஞ்சு விரல் வழியா பாடுது பாரு!"ன்னு சொன்னா எந்தக் குழந்தையும் என்கிட்ட ஒட்டிக்கும். என் தொழில் ரகசியம் அது. பாப்பாவும் சிரிச்சா. பீப், பீப், பீப். தொண்ணூத்தஞ்சு. அழகான துடிப்பு.

திடீர்னு அது ஓட ஆரம்பிச்சுது. நூத்திப் பத்து. நூத்தி முப்பது. கிளிப் நழுவிடுச்சோன்னு அழுத்திப் பாத்தேன், சரியாத்தான் இருந்துச்சு. பாப்பா சிரிச்ச வாயை மூடல, ஆனா கண்ணு கதவு மேல இருந்துச்சு. எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் படியில ஷூ சத்தம், பூட்டுல சாவி திரும்பற சத்தம்.



"அடடே, வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்களா! தண்ணி குடுத்தியாம்மா?"ன்னுக்கிட்டே அவ புருஷன் உள்ள வந்தாரு. டை கட்டின, வாசனையான மனுஷன். மருந்தும் மெஷினும் விக்கிற கம்பெனியில மெடிக்கல் ரெப். நான் ஒரே தாவா இருமலுக்குத் தாவினேன். "சளி பிடிச்சா வீட்டுல முதல்ல யாருக்கு சார் வரும்?" "எனக்குத்தான் மேடம், ஊரு பூரா டாக்டர் வாசல்லயே நிக்கிறவன் நான்!" சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். என் சிரிப்பு எனக்கே கேவலமா இருந்துச்சு.

பீப்பீப்பீப். கிளிப்பைக் கழட்டப் போனேன். அவரு பாப்பா பக்கத்துல உக்காந்து தோள் மேல கை போட்டுக்கிட்டு, "இருக்கட்டும் மேடம், எடுக்காதீங்க"ன்னாரு. அந்தக் கை பட்டதும் சத்தம் இன்னும் ஓடுச்சு. அவருக்கும் கேட்டுச்சு. கையை எடுத்தாரு. மறுபடி வெச்சாரு. சுவிட்சைப் போட்டுப் பாக்கற மாதிரி.

"பேட்டரி தீந்து போச்சு சார், பழைய மெஷின். வாங்கினதிலிருந்தே இப்படித்தான் படுத்துது."

"அப்படியா?" கிளிப்பைக் கழட்டித் தன் விரல்ல மாட்டிக்கிட்டாரு. பீப்... பீப்... பீப். எழுபது. பொண்டாட்டியை அறையற ஆளுக்கு நெஞ்சு இவ்வளவு சீரா அடிக்குது, பாவி! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு, ஆனா வாயைத் திறக்க முடியல. "இந்த மாடலை நான்தான் ஆஸ்பத்திரிக்கெல்லாம் விக்கிறேன் மேடம். இது பொய் சொல்லாது." பாப்பா விரலைப் பிடிச்சு அவரே மறுபடி மாட்டினாரு. நூத்தி நாப்பது.

அவரு என்னைப் பாக்கல, குழந்தையையும் பாக்கல. பொண்டாட்டியைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே கேட்டாரு: "ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டிருந்தீங்க?"

 நான் வாசல் தாண்டினதும் இந்தக் கதவு மூடும். அதுக்கப்புறம் என்ன நடக்கும்னு இப்பத்தான் அவ வாயாலயே கேட்டேன். இன்னைக்கு அவ வாங்கப் போற அடி நான் வாங்கிக் கொடுத்தது. ஒரு பொத்தானை அமுக்காம விட்டதுக்கு.

அவ மகளோட விரலையே பாத்துக்கிட்டு நின்னா. ரத்தம் வத்திப் போன மூஞ்சி. அப்புறம் நான் அதுவரைக்கும் கேக்காத ஒரு குரல்ல சொன்னா: "பாப்பாவை இப்பவே டாக்டர்கிட்ட காட்டணும்."

"காட்டலாம். நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். மேடம், நீங்க கிளம்புங்க." எழுந்து போய் அவ கழுத்துப் பக்கம் தோள்ல கை வெச்சாரு. மெதுவாத்தான் வெச்சாரு. பாப்பா விரல்ல பீப்புக்கும் பீப்புக்கும் நடுவுல இடைவெளியே இல்லாம போச்சு.

நான் பையை எடுத்துக்கிட்டு, வாசல் கதவைப் பட்டுனு முழுசா திறந்தேன். கடவுள் எனக்குக் கொடுத்த தொண்டையை முழுசா அவிழ்த்து விட்டேன்.

"ஐயோ சார்! நூத்தி நாப்பது துடிக்குதுன்னு நீங்களே கண்டுபிடிச்சீங்களே, எந்த அப்பா சார் இப்படிப் பாப்பாரு! இன்னைக்கே டாக்டரைப் பாக்கணும்னு துடிக்கிறீங்களே! வாம்மா, சீக்கிரம், டாக்டரம்மா கிளம்பறதுக்குள்ள போயிடலாம்!"

மூணு மாடிக்கும் கேட்டிருக்கும். எதிர் வீட்டு ரிட்டயர்டு டீச்சர் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு வந்தாங்க. மேல் மாடியிலிருந்து யாரோ "என்னாச்சு பாப்பாவுக்கு?"ன்னு குனிஞ்சு பாத்தாங்க. அவரு கை தோள்லேருந்து தானா இறங்குச்சு. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்துச்சு.

"நானும் வரேன்."

"எங்க இடத்துல ஆம்பளைங்களுக்கு அனுமதி இல்ல சார்." அது உண்மைதான்.

டீச்சர், "குழந்தை விஷயம் தம்பி, தாமதிக்காம அனுப்பு"ன்னாங்க. அவரு எல்லாருக்கும் தலையாட்டினாரு. பொண்டாட்டிகிட்ட குனிஞ்சு காதுக்குள்ள என்னமோ சொன்னாரு. ரொம்ப நேரம் சொன்னாரு. அவ முகம் அசையல.

படியில இறங்கறப்ப பின்னால ஷூ சத்தம் வருதான்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன். "காதுல என்ன சொன்னாரும்மா?"ன்னேன்.

"இடது காதுல சொன்னாரு. கேக்கலக்கா."

டாக்ஸியில பாப்பாவை நடுவுல உக்கார வெச்சோம். கிளிப் இன்னும் அவ விரல்லயே இருந்துச்சு, எடுக்கணும்னு யாருக்கும் தோணல. தெரு ரெண்டு மூணு தாண்டினதும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமா அடங்குச்சு. பாப்பா அம்மா மடியில சாஞ்சு கண்ணை மூடிக்கிட்டா. 

அம்மாவோட பைக்குள்ள ஃபோன் அதிர்ந்துச்சு. மணிகூட அடிக்கல, வெறும் அதிர்வு. பாப்பா கண்ணைத் திறக்கல, கை காலை அசைக்கல. நல்லா தூங்கற குழந்தைன்னுதான் யாரும் சொல்லுவாங்க. ஆனா விரல்ல பீப்பீப்பீப்னு ஓடுச்சு.

நான் பதறிப்போய்ச் சத்தத்தை நிறுத்தப் போனேன். அம்மாக்காரி என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "வேண்டாம்க்கா." குனிஞ்சு, தன் வலது காதை அந்தக் குட்டி விரல்கிட்ட வெச்சா. ஃபோன் அதிர்ந்து ஓயற வரைக்கும் கேட்டா. அப்புறம் பாப்பாவோட முடியை ஒதுக்கிவிட்டு, "நீ தூங்கல இல்ல?"ன்னா.

"இல்லம்மா," கண்ணை மூடிக்கிட்டே சொன்னா பாப்பா. "நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா நீ அழுவே."

அந்தத் தாய் அழல. பைக்குள்ள கையை விட்டு ஃபோனை ஆஃப் பண்ணினா. ஓட்டறவரு கண்ணாடியில பாத்து, "எந்த ஆஸ்பத்திரிம்மா?"ன்னாரு. நான் வாயைத் திறந்தேன், எனக்குக் குரலே வரல. லவுட்ஸ்பீக்கருக்கு!

"ஆஸ்பத்திரி இல்லண்ணா,"ன்னா அவ. "இந்தக்கா ஆபீஸுக்குப் பின்னால ரெண்டு ரூம் இருக்காம். அங்க போங்க."