பெஞ்சுக்கு அடியில்

பத்தாவது படித்துக்கொண்டிருந்த அம்சவேணிக்குப் பள்ளிக்கூட மணி அடித்தால் காது வலிக்கும். காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்துவிடுவாள். திமிர் என்று டீச்சர் அடிப்பார்.

அரையாண்டு சரித்திரப் பரீட்சையின் பாதியில் மணி அடித்தது. பெஞ்சுக்குக் கீழே போனவள் காப்பியடிக்கிறாள் என்று டீச்சர் தாளைப் பிடுங்கி, அப்பாவை வரவழைத்தார்.

"வீட்ல பவர்லூம் தறி சத்தத்துல தூங்குற. மணிக்கு இன்னா பயம்?" என்றார் அப்பா வேதாசலம்.

"தறி ஒரே மாதிரி ஓடும்ப்பா. மணி திடீர்னு அடிக்குது."

டீச்சர் சிரித்தார். அப்பாவுக்கு அவமானமாக இருந்தது. "படிச்சது போதும், வா" என்று கூட்டிப்போனார்.

மறுநாளிலிருந்து அவள் வீட்டில் தறிக்கு நூல் சுற்றினாள். மனப்பாடமாயிருந்த சரித்திரப் பாடங்களைக் கொஞ்ச நாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.