சாயவேண்டிய பக்கம்

படகுக்காரனுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. இத்தனை வருடமாக ஏரியில் யார் யாரையோ அலைச்சறுக்கு விட்டவன்தான். ஆனால் இன்று படகுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி தண்ணீரில் மிதப்பவள் அவன் மனைவி. வலது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனபின் இதுதான் முதல் தடவை.

"இன்னைக்கும் முடியலேன்னா இந்தச் சறுக்குப் பலகையை யாருக்காவது குடுத்துடுங்க. அப்புறம் எனக்கு ஆசை காட்டக் கூடாது" என்று கரையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

இந்த விளையாட்டில் படகு எழுப்பும் அலைதான் எல்லாம். அது நன்றாக எழுந்தால் கயிற்றையே விட்டுவிட்டுச் சறுக்கலாம். அதற்குப் படகு ஒரு பக்கமாகச் சாய வேண்டும்; சாய்ந்த பக்கம்தான் அலை எழும். இருக்கைக்கு அடியில் அதற்கென்றே தண்ணீர்ப் பைகள் உண்டு. அவள் எப்போதும் சறுக்குவது இடப்பக்கம் என்பதால் பம்ப்பைப் போட்டு இடப்பக்கப் பையை நிரப்பினான். போதாததற்கு அவள் அண்ணனையும் அந்தப் பக்கமே உட்கார வைத்தான். ஆள் நல்ல கனம்.

"பம்ப்பு இல்லாமலே நிரம்பின பை நீங்க ஒருத்தர்தான் மச்சான்."

"தங்கச்சிக்காகப் பொறுத்துக்கறேன் மாப்ள. ஓட்டு, ஓட்டு."

எழுந்தாள், விழுந்தாள். அலை போதவில்லை என்று இன்னும் தண்ணீர் ஏற்றினான். விழுந்தாள். மச்சானை இன்னும் பின்னுக்குத் தள்ளினான். அப்போதும் விழுந்தாள்.

"போதுங்க" என்றாள். குரலே எழும்பவில்லை.

"அவளுக்கு வலிச்சுதா மச்சான்?"

"முகத்தையேதான் பாத்துட்டிருந்தேன். வலிச்ச மாதிரி தெரியலயே."

"கால் எப்படி வெச்சிருந்தா?"

"காலா? அதைப் பாக்கலயே மாப்ள." இவன் மட்டும் என்ன யோக்கியம்? பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் இவன் தேடியதும் அவள் முகத்தைத்தான். முழங்காலைப் பற்றிக் கவலைப்பட்டே ஓய்ந்துபோன இரண்டு ஆண்களும் காலை மட்டும் பார்க்கவில்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவை எந்திரி. விழுந்தா விழு, பரவாயில்ல" என்று கெஞ்சினான்.

எழுந்தாள். வலது கால் முன்னே வந்தது. அடடா! முன்பெல்லாம் இடது கால்தான் முன்னே இருக்கும். பின்னே ஊன்றும் வலது கால்தான் பாரம் முழுக்கத் தாங்கும். இப்போது வலிக்குப் பயந்த உடம்பு, அவளைக் கேட்காமலே கால்களை மாற்றிக்கொண்டுவிட்டது. கால் மாறியதில் உடம்பும் திரும்பி, பாவம், அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். இவனோ இடப்பக்கமே மேலும் மேலும் எடையை ஏற்றியிருக்கிறான். தலையில் அடித்துக்கொண்டான்.

அவள் மறுபடி விழுந்ததும் படகை நிறுத்தி, இடப்பக்கப் பையைக் காலி செய்து வலப்பக்கத்தை நிரப்பினான்.

"மச்சான், நீங்களும் இந்தப் பக்கம்."

"ஏரியில குதின்னு சொல்லாத வரைக்கும் சரி."

படகு வலப்பக்கம் சாய்ந்தது. அலை வழவழவென்று எழுந்து அவள் முகத்துக்கு நேரே நின்றது. எழுந்தாள், நின்றாள். கயிறு தொய்ந்தது. அதைத் தூக்கி எறிந்தாள்.

மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. கைதட்டிக்கொண்டே துள்ளி எழுந்து இடப்பக்கம் ஓடினார். அலை பொசுக்கென்று இறங்கியது.

"அண்ணா! உக்காரு அங்க! இங்க ஒருத்தி நிக்கறது கண்ணுக்குத் தெரியலயா?"

ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். மச்சான் திரும்ப வலப்பக்கமே வந்து தொப்பென்று உட்கார்ந்தார். அலை மறுபடி எழுந்தது, அவள் விழவில்லை. எத்தனை மாதமாயிற்று, அவள் இப்படி யாரையாவது வாய் நிறையத் திட்டி! ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தால்கூட விருந்தாளி மாதிரி நன்றி சொல்லிக்கொண்டிருந்தவள். படகுக்காரனுக்கு அப்பாடா என்றிருந்தது. வேகம் குறையாமல் பிடித்துக்கொண்டு, கொஞ்சமும் வெட்கமில்லாமல் அழுதான்.